பேசாமல் இருப்பவர்கள் எல்லாரும் ஆணாதிக்கவாதிகளா?

"பெண்களுக்கு எதிரான பாகுபாட்டைக் கண்ணெதிரே பார்த்தும் வாயைத் திறக்காதவர்கள், உள்ளுக்குள் ஆணாதிக்க மனப்பான்மை கொண்டவர்கள் என்றுதானே அர்த்தம்? அப்படியென்றால் பாதிக்கப்பட்ட பெண்ணே பேசாமல் இருப்பதை என்னவென்று சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். இரண்டாவது கேள்வியைத் தீர்க்காமல் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

மௌனத்துக்கும் ஆணாதிக்க மனப்பான்மைக்கும் சம்பந்தம் உண்டு, ஆனால் நேரான சம்பந்தம் இல்லை. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இந்த விஷயத்தில் அது பல நேரம் பொய்யாகிவிடுகிறது. பேசாமல் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் நடந்ததைக் கவனிக்கவே இல்லை. சிலர் கவனித்தார்கள், ஆனால் அதில் தப்பு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. சிலர் உள்ளே கொதித்துக்கொண்டே இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பத்துப் பேரும் ஒரே மாதிரிதான். மனப்பான்மை நேரடியாக வேலை செய்வது முதல் இரண்டு வகை ஆட்களிடம். மூன்றாவது வகையிடம் அது தாமதமாக, பின்வாசல் வழியாக வருகிறது. பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

சரி, முதலில் மனப்பான்மை என்பது எது? ஆணாதிக்கம் என்றதும் பெண்களைத் திட்டுகிற, மட்டம் தட்டுகிற ஆள்தான் நம் கண்முன் வருகிறான். பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் என்ற இரண்டு சமூக உளவியலாளர்கள் 1996இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். மொத்தம் 22 வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு தூரம் ஒப்புக்கொள்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். அதில் பாதி வாக்கியங்கள் பகையுணர்வைக் காட்டுபவை: பெண்கள் வேலையிடத்துப் பிரச்சினைகளை ஊதிப் பெரிதாக்குகிறார்கள், யாரோ யதார்த்தமாகச் சொன்னதைக்கூடப் பெண்கள் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்கிற ரகம். மறு பாதி கேட்க இனிமையானது. பெண்களை ஆண்கள் போற்றிப் பாதுகாக்க வேண்டும், ஆபத்து வந்தால் முதலில் பெண்களைத்தான் காப்பாற்ற வேண்டும் என்பது போல. இரண்டும் எதிரெதிர் என்றுதான் தோன்றும். ஆனால் முதல் பாதியில் அதிக மதிப்பெண் வாங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டாம் பாதியிலும் அதிகம் வாங்குகிறார்கள். 19 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2000இல் வெளியான ஆய்விலும் இதுவே தெரிந்தது. இந்தப் பகையும் பரிவும் ஒரே வண்டியின் இரண்டு சக்கரங்கள்.

பகை வகையின் வாக்கியங்களை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். "பெண்கள் எதையும் ஊதிப் பெரிதாக்குவார்கள்" என்று மனதார நம்புகிறவர் எதற்காகப் பேச வேண்டும்? அவரைப் பொறுத்தவரை அங்கே எதுவுமே நடக்கவில்லை. நாம் அதை மௌனம் என்கிறோம். அவருக்கோ அது சாதாரண நாள். உண்மையில் இவர் முழு மௌனியும் இல்லை. ஒரு பெண் புகார் சொன்னால் அப்போது வாய் திறப்பார், "எதற்கெடுத்தாலும் பெண் என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள்" என்று. ஜேனட் ஸ்விம்மும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1995இல் உருவாக்கிய இன்னோர் அளவுகோல் நேரடியாக இந்த மறுப்பைத்தான் அளக்கிறது: பாகுபாடெல்லாம் அந்தக் காலம், இப்போது ஏது, இன்னும் என்ன கேட்கிறார்கள் என்கிற மனநிலை. இவ்வளவு தூரம் உங்கள் முதல் கேள்விக்கு ஆம் என்றே சொல்லலாம். இந்த வகையைப் பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. எல்லாருக்கும் அடையாளம் தெரிந்த ஆள்தான்.

பரிவு வகைதான் சிக்கலானது. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓர் அலுவலகம். பிரசவ விடுப்பு முடிந்து ஒரு பெண் வேலைக்குத் திரும்பியிருக்கிறார். வெளியூர் போக வேண்டிய ஒரு பெரிய திட்டம் வருகிறது. அந்த வேலையை அந்தக் குழுவிலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். கூட்டத்தில் மேலாளர் சொல்கிறார்: "பாவம், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவங்களை எதுக்கு அலைய விடணும்? இந்தத் தடவை தம்பி பார்த்துக்கட்டும்." தம்பி என்பது அவரைவிட மூன்று வருடம் இளையவர். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். எவ்வளவு நல்ல மனிதர் என்றுகூட இரண்டு பேர் நினைக்கிறார்கள். அந்தப் பெண்ணும் ஒரு நொடி தயங்கி, "தேங்க்ஸ் சார்" என்கிறார். கொஞ்ச காலம் கழித்துப் பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும்போது அவர் பெயருக்கு நேரே "பெரிய திட்டங்களில் அனுபவம் போதாது" என்று ஒரு வரி இருக்கும்.

இங்கே யாரும் பயந்துபோய் வாயை மூடவில்லை. எதிர்க்க அங்கே எதுவும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு விருப்பமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பது மட்டும்தான் தவறு. கேட்காமல் விட்டதை யார் போய்ப் புகாராக எழுதுவது? எழுதினால், "உங்கள் நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்ற ஒரே வரியில் புகார் கொடுத்தவர் நன்றிகெட்டவர் ஆகிவிடுவார். மனுவேலா பரேட்டோ, நவோமி எலமர்ஸ் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. பகையாகப் பேசுகிற ஆணை மக்கள் உடனே ஆணாதிக்கவாதி என்று கண்டுகொள்கிறார்கள். பரிவாகப் பேசுகிறவரை அப்படிப் பார்ப்பதில்லை, நல்லவராகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஜூலியா பெக்கர், ஸ்டீபன் ரைட் ஆகியோரின் 2011 ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பகையான கருத்துகளை எதிர்கொண்ட பெண்களுக்கு ஒன்றுசேர்ந்து எதையாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் கூடியது. பரிவான கருத்துகளை எதிர்கொண்டவர்களுக்கு அதே எண்ணம் குறைந்தது. இருக்கிற ஏற்பாடு நியாயமானதுதான், பெண்ணாக இருப்பதில் சௌகரியங்களும் உண்டு என்ற உணர்வுதான் இதற்கு இடையில் வேலை செய்தது. திட்டினால் எதிர்ப்பு வளர்கிறது, கொஞ்சினால் அடங்குகிறது.

பரிவை அப்படியே ஆணாதிக்கம் என்று ஒதுக்கிவிடக் கூடாது என்று சிலர் வாதாடுவார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. உதவி செய்வது தப்பா என்றால் தப்பில்லை. உதவிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை: முடிவை யார் எடுத்தார்கள் என்று பாருங்கள். மேலே சொன்ன மேலாளர், "திட்டம் உங்களுக்குத்தான், பயண நாட்களை எப்படி வைத்துக்கொண்டால் உங்களுக்கு வசதி?" என்று கேட்டிருந்தால் அது உதவி.

பெண்களும் இந்த மனப்பான்மைக்கு வெளியே நிற்பவர்கள் இல்லை. மேலே சொன்ன 19 நாட்டு ஆய்வில் எந்தெந்த நாட்டு ஆண்களிடம் பகை அதிகமோ, அந்தந்த நாட்டுப் பெண்களிடம் பரிவு வகைக் கருத்துகளுக்கு ஆதரவும் அதிகமாக இருந்தது. இதைப் பெண்களின் அறியாமை என்று நான் சொல்லமாட்டேன். வெளியே பகை அதிகமாக இருக்கும் இடத்தில், "நீ இப்படி நடந்துகொண்டால் உன்னைப் பாதுகாப்போம்" என்ற பேரத்தை ஏற்றுக்கொள்வது புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் அந்தப் பேரத்தில் கொடுக்கிற விலைகளில் ஒன்று, குறை சொல்லும் உரிமை. பாதுகாப்பு என்பது "நல்ல" பெண்ணுக்கு மட்டுந்தான். புகார் சொல்கிறவள் அந்தப் பட்டியலிலிருந்து சீக்கிரம் விழுந்துவிடுகிறாள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஃபே கிராஸ்பி என்ற ஆய்வாளர் 1982இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் உள்ள நியூட்டன் ஊரில் வேலைக்குப் போகும் ஆண்களையும் பெண்களையும் பேட்டி கண்டார். ஒரே தகுதியில் உள்ள ஆண்களைவிட அந்தப் பெண்கள் குறைவாகச் சம்பாதித்தார்கள். பெண்களுக்குப் பொதுவாக அநியாயம் நடக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்றார்கள். உங்களுக்கு? இல்லை, எனக்கு அப்படியெல்லாம் இல்லை. ஊருக்கெல்லாம் நடப்பது தனக்கு மட்டும் நடக்கவில்லை என்று பெரும்பாலானோர் நம்பினார்கள். காரணம் இருக்கிறது. தனி ஒருவருடைய விஷயத்தில் எப்போதும் வேறு விளக்கம் ஒன்று தயாராக இருக்கும்: அனுபவம் போதவில்லை, அன்று சரியாகப் பேசவில்லை, அவருக்கு என்மேல் ஏதோ கோபம். நூறு பேரின் சம்பளப் பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பாகுபாடு கண்ணுக்குத் தெரியும். ஒரே ஒருவருடைய சம்பளச் சீட்டைப் பார்த்தால் தெரியாது. சம்பளத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்லும் அலுவலகங்களில் பெண்கள் ஏன் புகார் சொல்வதில்லை என்று கேட்பதே வேடிக்கை.

அப்புறம் பயம். "நானாக இருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன்" என்று சொல்லாதவர் யார்? ஜூலி உட்சிக்கா, மரியான் லாஃபிரான்ஸ் ஆகிய இருவரும் 2001இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முதலில் ஒரு குழுப் பெண்களிடம், வேலைக்கான நேர்முகத்தில் ஓர் ஆண் உங்களிடம் காதலன் இருக்கிறானா, பெண்கள் வேலைக்கு வரும்போது உள்ளாடை அணிவது முக்கியமென்று நினைக்கிறீர்களா என்கிற மாதிரிக் கேள்விகளைக் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். 62 சதவீதம் பேர், ஏன் இப்படிக் கேட்கிறீர்கள் என்று கேட்போம், அல்லது இது முறையல்ல என்று சொல்வோம் என்றார்கள். 68 சதவீதம் பேர் ஒரு கேள்விக்காவது பதில் சொல்ல மறுப்போம் என்றார்கள். கோபம் வரும் என்பதே பலருடைய கணிப்பு. பிறகு வேறு பெண்களை உண்மையான ஒரு வேலைக்கு என்று அழைத்து, அதே கேள்விகளைக் கேட்க வைத்தார்கள். பதில் சொல்ல மறுத்தவர் ஒருவர்கூட இல்லை. சிலர் மட்டும் மரியாதையாக, இதை எதற்குக் கேட்கிறீர்கள் என்றார்கள். அந்த நேரத்தில் வந்தது கோபத்தைவிட அதிகமாகப் பயம்தான். எதிரே இருப்பவர் கையில் வேலை இருக்கிறது, கேள்வியோ எதிர்பாராதது, யோசிக்கக் கிடைத்ததோ இரண்டு நொடி.

இந்த ஆய்வை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதற்குக் காரணம், "அப்பவே ஏன் சொல்லலை?" என்ற கேள்விதான். அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் தங்கள் கற்பனைத் தைரியத்தை வைத்து அடுத்தவருடைய நிஜ நிலைமையை அளக்கிறார்கள். பேசியவர்களுக்குக் கிடைக்கும் விலையும் தெரிந்ததுதான். ஆண் ஒருவர் சொன்ன மோசமான கருத்தை ஒரு பெண் எதிர்த்துப் பேசும் காட்சியைக் காட்டி நடத்திய ஓர் ஆய்வில், பெண்களிடம் அவர் மேல் மரியாதை கூடியது. ஆண்களுக்கோ அவரைப் பிடிப்பது குறைந்தது. வேலையும் மதிப்பீடும் அந்த ஆண்கள் கையில் இருக்கும்போது, பேசாமல் இருப்பது கோழைத்தனமும் இல்லை, சம்மதமும் இல்லை. வெறும் கணக்கு. ஆகவே பாதிக்கப்பட்ட பெண்ணின் மௌனத்திலிருந்து அவருடைய மனப்பான்மையைப் பற்றி எதையும் ஊகிக்க முடியாது.

பார்த்துக்கொண்டிருப்பவர்கள் விஷயம் வேறு. அவர்களிடம் இந்த அளவுக்குப் பயம் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களை அடக்குவது ஒரு தப்புக் கணக்கு. ஒவ்வொருவரும் தன்னைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் அதை ஏற்றுக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். ஏன் அப்படி நினைக்கிறார்கள்? மற்றவர்கள் பேசாமல் இருப்பதால்தான்! லியோனார்டோ பர்ஸ்டின் முதலான பொருளாதார அறிஞர்கள் சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் மணமான இளைஞர்கள் 500 பேரிடம் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போவதை அவர்களில் பெரும்பாலானோர் தனிப்பட்ட முறையில் ஆதரித்தார்கள். ஆனால் தங்களைப் போன்ற மற்ற ஆண்கள் அவ்வளவு பேர் ஆதரிப்பார்கள் என்று அவர்கள் நினைக்கவில்லை. பாதிப் பேருக்கு மட்டும் உண்மையான எண்ணிக்கையைச் சொன்னார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். அந்த ஆண்களில் கூடுதலானோர் தங்கள் மனைவியை வேலைவாய்ப்புச் சேவையில் பதிவு செய்தார்கள். சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, வெளி வேலைக்கு விண்ணப்பித்து நேர்முகம் வரை போன மனைவிகளும் எண்ணிக்கை சொல்லப்பட்டவர்கள் பக்கத்தில்தான் அதிகம். யாருடைய மனப்பான்மையையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இருந்த மனப்பான்மை மௌனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது.

நகைச்சுவைக்கு இதில் தனி இடம் உண்டு. அதே கருத்தை ஜோக்காகச் சொன்னால் கேட்பவர்கள் அதைப் பாகுபாடாக எடுத்துக்கொள்வது குறைகிறது, எதிர்ப்பதும் குறைகிறது. எதிர்ப்பவருக்கு "நகைச்சுவை உணர்வே இல்லை" என்ற பட்டம் காத்திருக்கிறது. தாமஸ் ஃபோர்டு குழுவின் 2008 ஆய்வில், பகை மனப்பான்மை அதிகமுள்ள ஆண்கள் பெண்களைக் கேலி செய்யும் ஜோக்குகளைக் கேட்ட பிறகு, பெண்கள் அமைப்பு ஒன்றுக்கு நன்கொடை கொடுக்கும் விருப்பம் அவர்களிடம் குறைந்தது. அதே மட்டமான கருத்தை ஜோக்காக இல்லாமல் நேரடியாகச் சொன்னபோது அந்த விளைவு இல்லை. சிரிப்பு, "இந்த இடத்தில் இதெல்லாம் சகஜம்" என்று அவர்களுக்குச் சொல்லிவிடுகிறது. மேசையைச் சுற்றிச் சங்கடத்தோடு இளிக்கிற நாலு பேருடைய இளிப்பையும் ஜோக் சொன்ன ஆள் ஆதரவாகத்தான் கணக்கில் வைப்பார்.

இனி, பின்வாசல் என்று முதலில் சொன்ன விஷயம். மனப்பான்மை மௌனத்தைக் கொண்டுவருகிறது என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். மௌனம் மனப்பான்மையைக் கொண்டுவரும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஹீதர் ராசின்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்டது அது. இப்படிப்பட்ட பேச்சை எதிர்க்க வேண்டும் என்று உறுதியாக நம்பும் பெண்களை அழைத்து, ஓர் ஆண் மட்டமாகப் பேசுவதைக் கேட்க வைத்தார்கள். சிலருக்கு எதிர்த்துப் பேச வாய்ப்பு இருந்தது, சிலருக்கு இல்லை. வாய்ப்பு இருந்தும் பேசாமல் விட்டவர்கள், பிறகு அந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் நல்லவிதமாக மதிப்பிட்டார்கள். அவர் சொன்னது அவ்வளவு மோசமில்லையோ என்று. வாய்ப்பே இல்லாதவர்களிடம் இந்த மாற்றம் இல்லை. "இது தப்பு, நான் எதிர்ப்பவள்" என்ற நம்பிக்கையும் "நான் எதிர்க்கவில்லை" என்ற உண்மையும் மனதுக்குள் ஒத்துப்போகவில்லை. நடந்ததை மாற்ற முடியாது, அதனால் நம்பிக்கை கொஞ்சம் வளைந்துகொடுக்கிறது.

ஒரு கூட்டத்தில், ஓர் ஆளுக்கு, ஒரு தடவை நடப்பது இது. இதையே பத்து வருடம் ஓர் அலுவலகத்தில் நீட்டிப் பாருங்கள். முதல் வருடம் அதிர்ந்துபோனவர், ஐந்தாவது வருடத்தில் "அவர் அப்படித்தான், மனசுல ஒண்ணும் இல்ல" என்பார். பத்தாவது வருடத்தில் புதிதாக வந்த பெண் ஒருவர் முகம் சுளித்தால், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தொட்டாச்சிணுங்கி மனசு" என்று சொல்வதும் இவராகவே இருக்கலாம். இவருக்கு அளவுகோலைக் கொடுத்து நிரப்பச் சொன்னால் இப்போது மதிப்பெண் ஏறியிருக்கும். ஒரு தடவை எடுக்கிற கணக்கெடுப்பில் "ஆணாதிக்க மனப்பான்மை உள்ளவர்கள் அதிகம் மௌனம் காக்கிறார்கள்" என்று ஒரு தொடர்பு தெரிந்தால், எது முந்தியது என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லிவிட முடியாது. மேலும், இந்தச் சோதனைகளில் பல, கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தவை. போக்கைக் காட்டுகின்றன, ஆளுக்கு ஆள் தீர்ப்பெழுதப் பயன்படாது.

ஆளைத் தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பேசினால் அவருக்கு என்ன நஷ்டம் என்று பாருங்கள். நேற்றுச் சேர்ந்த இளைஞன் மேலாளரின் ஜோக்குக்கு மறுப்புச் சொல்லாததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆனால் அந்த அறையிலேயே பெரிய பதவியில் இருப்பவர், ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் அடங்குவார்கள் என்ற நிலையில் இருப்பவர், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால்? பெயர் போடாத கருத்துப் படிவத்தில், தனியே பேசும்போது, சம்பள உயர்வை நிர்ணயிக்கும் மூடிய அறையில், அங்கேயும் ஒன்றும் சொல்லவில்லை என்றால்? அங்கே பயம் என்ற சாக்குக்கு இடமில்லை. அந்த மௌனத்தை மனப்பான்மை என்று எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

பார்வையாளராக இருக்கிற ஆண்கள் பலர், "இது பெண்கள் விஷயம், நான் எப்படி நடுவில்?" என்று ஒதுங்குவதையும் கேட்டிருக்கிறேன். பாதி மரியாதை, பாதி சௌகரியம். ஒரு பெண் சுட்டிக்காட்டினால் எரிச்சலடைகிறவர்கள், அதையே சம்பந்தமில்லாத ஓர் ஆண் சுட்டிக்காட்டும்போது கொஞ்சம் நிதானமாகக் கேட்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அநியாயம்தான், ஆனால் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பெரிய வசனம் தேவையில்லை. "புரியலை, இதில் சிரிக்க என்ன இருக்கு?" என்று நிஜமாகவே புரியாத மாதிரிக் கேட்டால் போதும்; ஜோக்கை விளக்கிச் சொல்ல வேண்டியவர் திணறுவார். ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் பெண் அதிகாரிகள், கூட்டத்தில் ஒரு பெண் சொன்ன யோசனையை இன்னொரு பெண் அவர் பெயரைச் சொல்லியே திரும்பச் சொல்வது என்று தங்களுக்குள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். யாரோடும் சண்டை இல்லை, யோசனை மட்டும் உரியவர் பெயரிலேயே நின்றது.

மனப்பான்மையிலேயே கை வைக்க முடியுமா என்றால், கொஞ்சம் முடியும். ஜூலியா பெக்கரும் ஜேனட் ஸ்விம்மும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாடம் கண்ணில் படும் சின்னச் சின்னப் பாகுபாடுகளை நாட்குறிப்பாக எழுதி வரச் சொன்னார்கள். பெண்களிடம், எழுதுவதே வேலை செய்தது. கவனிக்க ஆரம்பித்ததும் பழைய நம்பிக்கைகளுக்கு ஆதரவு குறைந்தது. ஆண்களிடம் எழுதுவது மட்டும் போதவில்லை. அந்த இடத்தில் இருந்த பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தும் எழுதச் சொன்னபோதுதான் மாற்றம் தெரிந்தது. நீங்கள் இதை முயன்று பார்ப்பதாக இருந்தால் பகையான சம்பவங்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பாராட்டாக, அக்கறையாக, உதவியாக வந்தவற்றையும் எழுதுங்கள், பக்கத்திலேயே முடிவு யாருடையது என்பதையும் சேர்த்து.